ஆடியது 32 ஆண்டு, சொல்லிக்கொடுத்தது 38 ஆண்டு

ரஷ்ய பாலே நடனமணி கலீனா உலனோவாவைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை 1960-இல் முடிந்துவிடுகின்றன. அந்த ஆண்டின் கடைசியில் மாஸ்கோ பொல்ஷோய் அரங்கில் ஆடி முடித்தார், பிறகு இளையவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குள் 38 ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. 1998 மார்ச்சில், 88 வயதில் இறக்கும் வரை அவர் செய்த வேலை அது. மேடையில் ஆடியதோ 1928 முதல் 1960 வரை, 32 ஆண்டுகள். எது பெரிய வேலை என்று நான் பல வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறவள். ஸ்ரீரங்கத்தில் என் வகுப்பு. முழங்கால் ஒத்துழைக்காமல் போனதால் மேடை நிகழ்ச்சிகளை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாக்கள், "நீங்க இப்ப ஆடறதில்லையா டீச்சர்?" என்று கேட்பார்கள். குரலில் ஒரு பரிதாபம் இருக்கும். கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஆட்டம் நின்றால் ஆட்டக்காரியின் கதை முடிந்தது என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. உலனோவாவின் வாழ்க்கையை முழுசாகச் சொன்னால் அந்த எண்ணம் நிற்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவர் பெயரை முதலில் பார்த்தது எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த 'சோவியத் நாடு' பத்திரிகையில். அப்பா சந்தா கட்டியிருந்தார். படித்து முடித்த இதழ்கள் எங்கள் பள்ளி நோட்டுகளுக்கு அட்டையாகிவிடும். அந்தக் காலத்துத் தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இதுதான் நடந்திருக்கும். வழவழப்பான தாளில் வெள்ளை உடையில் ஒரு பெண், கைகள் இரண்டும் முன்னால், முகம் கொஞ்சம் குனிந்து. அந்தப் பக்கத்தை மட்டும் நான் அட்டை போடக் கொடுக்கவில்லை.

உலனோவா 1910 ஜனவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிறந்தவர். அப்பா செர்கேய் உலனோவ், அம்மா மரியா ரமனோவா, இருவருமே அந்த ஊர் மரீன்ஸ்கி அரங்கில் ஆடியவர்கள். ஆனால் மகளுக்கு நாட்டியத்தில் ஆசை இல்லை. அப்பாவோடு மீன் பிடிக்கப் போவதுதான் பிடிக்கும். பெரியவளானால் மாலுமி ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த குழந்தை. நாட்டியக்காரர்களின் வாழ்க்கையை அது அவ்வளவு பக்கத்தில் பார்த்திருந்தது. புரட்சிக்குப் பிந்தைய பஞ்ச காலம். அப்பாவும் அம்மாவும் சினிமாக் கொட்டகைகளில் படம் தொடங்குவதற்கு முன் ஆடுவார்கள். கொட்டகையைச் சூடாக்க விறகு கிடையாது. பார்க்க வந்தவர்கள் கோட்டையும் தொப்பியையும் கழற்றாமல் உட்கார்ந்திருக்க, அம்மா மெல்லிய உடையில் சிரித்த முகத்தோடு ஆடுவார். வீட்டில் விட்டுவர ஆள் இல்லாததால் குழந்தையையும் கூட்டிப்போவார்கள். முடிந்ததும் பனியில் நடந்து வீடு திரும்புவது. நாட்டியம் என்றால் ஓய்வில்லாத உழைப்பு என்பது ஆடத் தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

1919-இல், ஒன்பது வயதில், நாட்டியப் பள்ளியில் சேர்த்தார்கள். 1738-இல் தொடங்கிய பள்ளி அது. ரஷ்யாவில் பாலே என்றாலே அங்கேதான் போய் நிற்கும். பாவ்லோவா, நிஜின்ஸ்கி, பாலன்ஷீன், பின்னாளில் நூரியெவ், பரிஷ்னிகோவ் எல்லாம் அந்தக் கட்டடத்தில் படித்தவர்கள். உலனோவாவுக்கு முதல் ஆசிரியர் சொந்த அம்மாவே.

அந்தப் பள்ளியின் முதல் வருடப் பாடத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். பிள்ளைகள் சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கையாலும் பாரை, அதாவது சுவரோரக் கைப்பிடிக் கம்பியை, பிடித்துக்கொண்டு, மிக மெதுவாக முட்டி மடக்கிப் பழகுவார்கள். பிளியே என்று அதற்குப் பெயர். அப்புறம் காலைத் தரையோடு நீட்டி இழுப்பது. மாதக்கணக்கில் இதுதான். இங்கே முதல் பாடமான தட்டடவு ஒரு மாதம் போனாலே "எப்ப பாட்டுக்கு ஆடுவோம்?" என்று கேள்வி வந்துவிடும். காலை வெளிப்பக்கம் திருப்பி நிற்பது நம் அரைமண்டியிலும் உண்டு, அவர்களிடமும் உண்டு. இரண்டு இடத்திலும் விதி ஒன்றேதான்: திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு இடம் கொடுக்காதபோது பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் சுமை முழுக்க முழங்காலில் இறங்கும். ஒன்பது வயதில் யாரும் வலியைச் சொல்ல மாட்டார்கள்; முப்பதுக்கு மேல் முழங்கால் சொல்லும். அந்த மெதுவான முதல் வருடம் அதற்காகத்தான்.

இறுதி ஆண்டுகளில் உலனோவா போய்ச் சேர்ந்தது அக்ரிப்பினா வகனோவாவின் வகுப்பில். இந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மரீன்ஸ்கி அரங்கில் வாயில் காப்பவராக வேலை பார்த்தவரின் மகள். 1897-இல் பள்ளி முடித்து அதே அரங்கில் சேர்ந்தார். சின்னச் சின்னத் தனி ஆட்டங்களில் அசாத்தியத் திறமை. ஆனால் முதன்மை நடனமணி என்ற பட்டம் 1915-இல்தான் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 36 வயதில், ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அத்தனை வருடம் காத்திருந்து ஒரே வருடம். வேறொருவராக இருந்தால் அந்தக் கசப்போடு வீட்டில் உட்கார்ந்திருப்பார். வகனோவா உட்காரவில்லை. தன் உடம்பு எந்தெந்த இடத்தில் தடுமாறியது, ஏன் தடுமாறியது, இன்னொருவரின் தாவல் ஏன் உயரமாக இருந்தது என்று வருடக்கணக்கில் கவனித்து வைத்திருந்ததை ஒரு பாடமுறையாக மாற்றினார். முதுகெலும்பின் பலத்திலிருந்து தாவலும் சுழலும் பிறக்க வேண்டும், கை வெறும் அலங்காரமாக இல்லாமல் உடம்போடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 1934-இல் அதைப் புத்தகமாக எழுதினார். இன்று உலகத்தின் பல நாடுகளில் அவர் பெயரைச் சொல்லித்தான் பாலே கற்றுக்கொடுக்கிறார்கள். அவர் இறந்த பிறகு, 1957-இல், பள்ளிக்கே வகனோவா என்று பெயர் வைத்தார்கள். மேடை அவருக்குத் தராததையெல்லாம் வகுப்பறை தந்தது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அந்தக் கையில் வளர்ந்து 1928-இல் வெளியே வந்தார் உலனோவா. பள்ளி இறுதி நிகழ்ச்சியில் 'ஷோபினியானா', 'நட்கிராக்கர்' என்ற பாலேக்களில் ஆடினார். மறு வருடமே 'அன்னப்பறவை ஏரி'யில் அன்னமாகவும் கருப்பு அன்னமாகவும் இரட்டை வேடம். அப்போது அவருக்கு 19 வயது. கூச்ச சுபாவம், பேச்சு குறைவு. சுற்றுவதிலும் தாவுவதிலும் அவரைவிட வல்லவர்கள் அதே அரங்கில் இருந்தார்கள். முக்கியமாக, மூன்று வருடம் முன்னால் பள்ளி முடித்த மரீனா செம்யோனவா. உலனோவாவிடம் இருந்தது வேறு. ஒரு அசைவு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. படங்களில் நான் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தும் அந்தத் தையல் தெரிந்ததே இல்லை.

1932-இல் 'கிசேல்' வந்தது. காதலன் ஏமாற்றியது தெரிந்து புத்தி பேதலித்துச் செத்துப்போகிற கிராமத்துப் பெண். அந்தப் பைத்தியக் காட்சி பிடிபடாமல், ஊருக்கு வெளியே ஒரு பூங்காவில் போய்த் தனியாக பெஞ்சில் உட்கார்ந்து மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தாராம். ஒரு பதத்துக்கு அபிநயம் யோசிக்கும் எவருக்கும் இது புரியும். உடம்பை அசைக்காமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் பாதி வேலை நடக்கிறது.

1934-இல் புஷ்கினின் கவிதையிலிருந்து செய்த 'பஹ்ச்சிசராய் நீரூற்று'. அதில் மரியா என்ற பெண் கத்திக்குத்துப்பட்டுச் சாக வேண்டும். உலனோவா துடிக்கவில்லை, கை கால் உதறவில்லை. தூணில் சாய்ந்து, அப்படியே மெதுவாகச் சரிந்து இறங்குகிறார். அது படமாகக் கிடைக்கிறது. குறைத்துச் செய்வது எப்படி என்று என் பெரிய மாணவிகளுக்குச் சொல்ல வேண்டியபோதெல்லாம் நான் அதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

ஜூலியட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 'ரோமியோ ஜூலியட்' பாலேவுக்குப் புரோகோஃபியேவ் எழுதிய இசை முதலில் ஆட்டக்காரர்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. தாளம் பிடிபடவில்லை, ஆடவே முடியாது என்றார்கள். ஒரு காட்சியில் மேடையிலிருந்து வாத்தியங்களே சரியாகக் காதில் விழவில்லை என்று புகார் செய்தபோது, உங்களுக்கு இசை வேண்டாம், முரசுதான் வேண்டும் என்று அவர் கோபித்துக்கொண்டாராம். அப்புறம் அவரையே மேடைக்கு அழைத்து, தாங்கள் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து கேட்கச் சொன்னார்கள். கேட்டார். உண்மையிலேயே கேட்கவில்லை. மாற்றி எழுதிக்கொடுத்தார். லவ்ரோவ்ஸ்கி நடனம் அமைக்க, 1940 ஜனவரியில் லெனின்கிராட்டில் (செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் அப்போதைய பெயர்) அரங்கேறியது. அன்று இரவு விருந்தில் உலனோவா, ஷேக்ஸ்பியரின் கடைசி வரியைத் திருப்பிப்போட்டு, உலகத்தில் புரோகோஃபியேவின் பாலே இசையைவிடச் சோகமான கதை இல்லை என்று வாழ்த்துச் சொன்னார். இசையமைப்பாளர் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாராம். நாளடைவில் அந்த இசை இல்லாமல் ஜூலியட்டை நினைத்துப் பார்க்கவே உலனோவாவால் முடியாமல் போனது. நட்டுவனாரும் பாடகரும் ஆடுகிறவளும் ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போட்டு ஒரு வர்ணத்தை ஒழுங்குபடுத்துகிற எங்களுக்கு, இந்தக் கதையில் ஒவ்வொரு வார்த்தையும் பழகியது.

போர் வந்தது. லெனின்கிராட் அரங்கைப் பெர்ம் நகருக்கு இடம் மாற்றினார்கள். உலனோவா அல்மா ஆத்தாவிலும் ஆடினார். போர்முனையிலிருந்து படைவீரர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். 1944-இல் பொல்ஷோய்க்கு மாற்றப்பட்டு மாஸ்கோக்காரர் ஆனார்.

பிறகு 1956 அக்டோபர், லண்டன். பொல்ஷோய் முதல்முறையாக அங்கே வருகிறது. அதற்கு முன் ஒரு சோவியத் வட்டு எறிதல் வீராங்கனை மீது லண்டன் கடையில் தொப்பி திருடியதாக வழக்கு வந்து, பயணமே நின்றுபோகும் அளவுக்குப் பெரிய விவகாரம். எப்படியோ வந்து சேர்ந்தார்கள். கோவன்ட் கார்டன் அரங்கில் முதல் நாள் 'ரோமியோ ஜூலியட்'. ஜூலியட்டுக்கு 14 வயதுகூட நிரம்பவில்லை, உலனோவாவுக்கு 46. அப்போது அங்கே இளம் நடனமணியாக இருந்த ஆன்டொனெட் சிப்லி ஒத்திகை பார்த்ததைப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். களைத்துப்போன ஒரு வயதான பெண்மணி கால் உறையோடு மேடையில் நிற்கிறார். இவரா என்று நினைக்கும்போதே, எல்லோர் கண் முன்னாலும் சிறுமியாகிவிடுகிறார். ஒப்பனையில்லை, உடையில்லை. பாதிரியாரிடம் ஓடுகிற காட்சியில் அவர் மேலாடை பறக்க மேடையின் குறுக்கே ஓடுவதைப் பார்த்தவர்கள் கடைசி வரை பேசினார்கள். வெறும் ஓட்டம்தான் அது. பாயிண்ட் ஷூ நுனியில் நிற்பதோ சுழல்வதோ எதுவும் இல்லை.

46 வயதில் அது எப்படி முடிந்தது? தினமும் காலை வகுப்பு. பாலேக்காரர்களிடம் எனக்கு மிகவும் மரியாதை வருவது இதில்தான். நேற்று இரவு முதன்மை வேடம் ஆடி, பூங்கொத்து வாங்கியவரும் இன்று காலை பாரைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வயதில் கற்ற அதே பிளியேயிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்தில் நேற்றுச் சேர்ந்த பெண்ணும் நிற்பாள். ஆசிரியர் இருவரையும் ஒரே மாதிரித் திருத்துவார். அரங்கேற்றம் ஆனதும் அடவு வகுப்புக்கு வருவதைக் குறைவாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அரங்கேற்றம் ஆனவர்களும் வாரம் ஒருநாள் தட்டடவிலிருந்து செய்ய வேண்டும் என்று என் வகுப்பில் விதி வைத்திருப்பது இவர்களைப் பார்த்துத்தான்.

அந்தத் தொழிலில் மேடை வாழ்க்கை சீக்கிரம் முடிகிறது. ரஷ்யாவில் நெடுங்காலம் 20 ஆண்டு ஆடினாலே ஓய்வூதியம் கிடைத்தது. அதாவது 40 வயதுக்கு முன்பே. பாரிஸ் ஓபராவில் 42 வயதில் கட்டாய ஓய்வு. சிலர் விடமாட்டார்கள், மாயா பிளிசெத்ஸ்காயா தன் 70-ஆவது பிறந்தநாளில்கூட மேடையேறினார். அதுவும் ஒரு வீரம்தான். உலனோவாவின் வழி வேறு. 1960-இல், 50 வயதில், தொடங்கிய அதே 'ஷோபினியானா'வை ஆடிவிட்டு நிறுத்திக்கொண்டார். மறுபடி ஆடுங்கள் என்று உலகமே கேட்டபோதும் ஆடவில்லை.

அவர் நிறுத்துவதற்கு முன்பே அடுத்த வேலை தொடங்கிவிட்டது. எகதெரினா மக்சிமோவா என்ற பெண் 1958-இல் மாஸ்கோ பள்ளியை முடித்து பொல்ஷோய்க்கு வந்தவள். குட்டையான உருவம், துறுதுறுப்பு, கண்ணில் குறும்பு. உலனோவாவுக்கு நேர் எதிர். அவளைத் தன் முதல் மாணவியாக எடுத்துக்கொண்டு, தன் உயிரான 'கிசேலை'யே கற்றுக்கொடுத்தார். 1960-இல் மக்சிமோவா அதை ஆடினார், 21 வயதில். ஒரு பாத்திரத்தைக் கிட்டத்தட்ட 30 ஆண்டு சுமந்தவர், தன் கால்கள் இன்னும் ஆடக்கூடிய நிலையில் இருக்கும்போதே, அதை வேறொருத்தியின் உடம்பில் ஏற்றுகிறார். நான் ஆடிய ஒரு பதத்தை மாணவிக்குக் கொடுக்கும்போது நெஞ்சுக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கையை இன்னும் கொஞ்சம் இப்படி வை, நான் வைத்தது மாதிரி வை என்று வாய் வரை வரும்.

உலனோவா அதைச் செய்யவில்லை. இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். மக்சிமோவா இன்னொரு உலனோவா ஆகவே இல்லை. அவருடைய கிசேல் சிரிக்கிற கிசேல். முதல் பாதியில் அவ்வளவு உற்சாகமாக இருந்ததாலேயே பிற்பாதி உடைந்து நொறுங்கியது. பயிற்சி அறையில் எடுத்த பழைய படங்களில் உலனோவா குரலை உயர்த்துவதே இல்லை. பக்கத்தில் வந்து நிற்பார், தலைசாய்வைக் கொஞ்சம் மாற்றிக் காட்டுவார், ஒரு கையை மட்டும் அசைப்பார், ஒதுங்கிவிடுவார். எந்த அசைவு எதற்காக வருகிறது என்று அவள் கண்டுபிடிக்கும் வரை காத்திருப்பார். காத்திருப்பது கற்பிப்பதிலேயே கடினமான பகுதி. எனக்கு இன்னும் சரியாக வசப்படவில்லை. ஆனால் வகுப்பில் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி உட்காரும் நேரங்களில் பிள்ளைகளிடமிருந்து நான் எதிர்பார்க்காத ஒன்று வருகிறது.

மக்சிமோவாவின் துணைவரான விளாதிமிர் வசீலியெவையும் பயிற்றுவித்தது உலனோவாவே. 1968-இல் 'ஸ்பார்டகஸ்' ஆக மேடையை அதிரவைத்த ஆண்மகன், இந்த மென்மையான பெண்மணியிடம் கற்றவர் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கும். 1975-இல் மக்சிமோவாவுக்கு முதுகில் பெரிய அடி. இனி ஆட முடியாது என்று பலர் நினைத்தார்கள். மறு ஆண்டு திரும்பி வந்து 'கிசேல்' ஆடினார். இன்னும் நீனா திமஃபேயெவா, லுத்மிலா செமென்யாகா, தஜிகிஸ்தானிலிருந்து வந்த மலிகா சபிரோவா, நதேழ்தா கிராச்சோவா... அத்தனை பேரும் ஒருவரைப் போல இன்னொருவர் இல்லை.

கடைசி மாணவர்களில் ஒருவர் திபிலிசியில் பிறந்த நிக்கலாய் திஸ்கரீத்ஸே. 1992-இல் பொல்ஷோயில் சேர்ந்தபோது அவருக்கு வயது 18. உலனோவாவுக்கு 80-க்கு மேல். 2013-இலிருந்து வகனோவா பள்ளியின் தலைவர் பொறுப்பு இவரிடம் இருக்கிறது. வகனோவா உலனோவாவுக்குக் கொடுத்தது, உலனோவாவிடமிருந்து இவருக்கு வந்து, அதே கட்டடத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறது. முன்னே சொன்ன மரீனா செம்யோனவாவும் சும்மா இருக்கவில்லை. மேடையை விட்ட பிறகு 50 ஆண்டுகள் பொல்ஷோயில் வகுப்பெடுத்து, 101 வயதில் மறைந்தார். வகனோவாவின் இரண்டு மாணவிகள் சேர்ந்து ஓர் அரங்கத்தின் அரை நூற்றாண்டையே தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 1955-இல் சோவியத்தில் எடுத்த 'ரோமியோ ஜூலியட்' பாலே படத்தில் உலனோவாதான் ஜூலியட். இணையத்தில் தேடினால் கிடைக்கும். முழுப் படத்துக்கும் நேரமில்லை என்றால் அந்த ஓட்டத்தை மட்டும் பாருங்கள். அதன் பிறகு மக்சிமோவாவும் வசீலியெவும் ஆடிய 'கிசேல்' முதல் அங்கத்தைத் தேடிப் பாருங்கள். இந்த வரிசையில் பார்ப்பது முக்கியம். ஆசிரியரிடம் இருந்த எது மாணவியிடம் இருக்கிறது, எது இல்லை என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். என் வகுப்புப் பெரிய பிள்ளைகளுக்கும் இதே வேலையைக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தி கழுத்து என்கிறாள், இன்னொருத்தி மூச்சு விடும் இடம் என்கிறாள். எனக்கும் மூச்சு என்றுதான் படுகிறது.